ராத்திரி பகலாக உழைத்தும் வறுமை ஏன் விடுவதில்லை? எது காரணம், எது விளைவு?

தேடல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொருளாதாரம் முதல் வருடம் படிக்கிறேன். போன வாரம் என் மாமாவோடு ஒரு வாக்குவாதம், இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏழைகள் ஏழைகளாகவே இருப்பதற்குக் காரணம் அவர்கள் சரியாக உழைக்காததும், கைக்கு வருவதில் மிச்சம் பிடிக்கத் தெரியாததும்தான் என்கிறார். மாமா மோசமானவர் இல்லை. ஒன்றும் இல்லாமல் ஆரம்பித்து மேலே வந்தவர், அதனால்தான் "நான் வந்தேனே, மற்றவர்களால் ஏன் முடியாது" என்று கேட்கிறார். அவர் சொல்வது தவறு என்று உள்ளுக்குள் படுகிறது, ஆனால் அன்றைக்கு என்னால் ஒழுங்காக ஒரு பதில் சொல்ல முடியவில்லை.

வகுப்பில் பொருளாதார அறிஞர் ராக்னர் நர்க்ஸ் 1953ல் விளக்கிய வறுமையின் நச்சுச் சுழல் படித்தோம். வருமானம் குறைவு, அதனால் சேமிப்பு குறைவு, அதனால் மூலதனம் குறைவு, அதனால் உற்பத்தி குறைவு, திரும்ப வருமானம் குறைவு. பரீட்சையில் எழுத இது போதும். ஆனால் வட்டம் போட்டுவிட்டால் எது காரணம் எது விளைவு என்றே தெரியவில்லையே. உண்மையில் இப்படி ஒரு வட்டம் இருந்தால் மாமா மாதிரி சிலர் எப்படி வெளியே வந்தார்கள்? முழு நாடுகளே வெளியே வந்திருக்கின்றனவே, அது எப்படி? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், புத்தக வரையறை வேண்டாம்.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். இந்த வட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

முதலில் உழைப்பு. ஒருவர் மண்வெட்டியால் வெட்டித் தலையில் சுமக்கிறார், இன்னொருவர் அதே மண்ணை இயந்திரத்தில் உட்கார்ந்து அள்ளுகிறார். யாருக்கு அதிகம் வியர்க்கிறது, யாருக்கு அதிகம் கூலி? வித்தியாசம் அவர்கள் கையில் இருக்கும் கருவியில் இருக்கிறது. ஆர்தர் லூயிஸ் என்ற பொருளாதார அறிஞர் 1954ல் இன்னொன்றையும் சேர்த்தார். வேலைக்கு ஆள் தேவைக்கு மேல் காத்திருக்கும் இடத்தில், தொழில் வளர்ந்தாலும் கூலி உடனே ஏறாது, ஏனென்றால் அதே கூலிக்கு வர வாசலில் இன்னொருவர் நிற்கிறார். அந்த உபரி ஆட்கள் எல்லாம் வேலைக்குள் இழுக்கப்பட்ட பிறகுதான் கூலி மேலே போகும். தனி ஒருவர் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைப்பதால் மாறுகிற கணக்கு இல்லை இது.

அடுத்தது மிச்சம் பிடிப்பது. எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857லேயே குடும்பங்களின் வரவு செலவுகளைப் பார்த்து, வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று காட்டிவிட்டார். இந்த இடத்தில் மிச்சம் பிடி என்பதற்கு அர்த்தம் வயிற்றில் பிடி என்பதுதான். விலைவாசி ஏறும்போது ஏழைகளுக்கு முதல் அடி விழுவதும் இதனால்தான்.

ஆனால் என் கணக்கில் பெரிய விஷயம் இந்த இரண்டும் இல்லை. உங்கள் பாடத்தின் வட்டத்தில் காணாமல் போயிருக்கிற ஒன்று, ஆபத்து. ஒரு வருடம் தவறினால் தாங்க முடியுமா முடியாதா என்பது. 1993ல் ரோசன்ஸ்வீக், பின்ஸ்வாங்கர் என்ற இருவர் இந்தியக் கிராமங்களின் விவசாயக் குடும்பக் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மழையின் நிச்சயமின்மை கூடும்போது சொத்து குறைந்த குடும்பங்கள் லாபம் குறைவாகத் தந்தாலும் பரவாயில்லை, மோசம் போகாமல் இருந்தால் போதும் என்று பயிரையும் முதலீட்டையும் மாற்றிக்கொள்கிறார்கள். அதனால் அடிமட்டக் கால் பங்குக் குடும்பங்களின் விவசாய லாபம் ஏறக்குறைய 35 சதவீதம் அடிபடுகிறது. வசதியான குடும்பங்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. அதே மழை, அதே தொழில். ஏழை விவசாயிக்கு எது அதிக லாபம் தரும் என்பது நன்றாகவே தெரியும். அதில் இறங்கித் தோற்றால் பிள்ளைகள் பட்டினி என்பதும் தெரியும். ஆகவே அவர் செய்வது புத்திசாலித்தனம்தான், ஆனால் அந்தப் புத்திசாலித்தனமே அவரை அங்கேயே வைத்திருக்கிறது. இதைப் படித்த பிறகு "ஏழைகள் துணிந்து இறங்குவதில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி, சிலர் எப்படி வெளியே வருகிறார்கள். பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு 2007ல் மிக ஏழையான பெண்களுக்கு ஒரு பெரிய சொத்தும், பெரும்பாலும் ஒரு பசு, அதோடு பயிற்சியும் கொடுத்தது. அந்தக் குடும்பங்களை ஆய்வாளர்கள் பத்து வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். எல்லாருக்கும் கிடைத்தது கிட்டத்தட்ட ஒன்றுதான், முடிவு மட்டும் இரண்டாகப் பிரிந்தது. ஏற்கெனவே கொஞ்சம் சொத்து இருந்து, பசுவையும் சேர்த்து ஓர் அளவைத் தாண்டியவர்கள் மேலே மேலே ஏறினார்கள். அந்த அளவுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டவர்கள் மெல்ல வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்தார்கள். பசு மட்டும் இருந்து, அதை வைத்துப் பிழைக்கத் தேவையான மற்றவை இல்லையென்றால் அது நிலைப்பதில்லை. குணத்தையும் உழைப்பையும் விட ஆரம்பத்தில் நின்ற படிதான் அதை நிர்ணயித்தது. வறுமைப் பொறி என்று சொல்வது இதைத்தான். உங்கள் மாமா ஏதோ ஒரு நாள் அந்தப் படியைத் தாண்டியிருப்பார், தாண்டிய நாள் எது என்று அவருக்கே நினைவிருக்காது.

*

கரையோரம் எழுதியது:

தங்கச்சி, நான் ஆய்வு எதுவும் படித்ததில்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உன் வட்டம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்.

அப்பா வண்டி ஓட்டுபவர், அம்மா தையல். இரண்டு சம்பாத்தியம், நாங்கள் மூன்று பிள்ளைகள், கஷ்டம் இருந்தது ஆனால் கடன் இல்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பாவுக்கு விபத்தில் கால் போனது. வேலை கொடுத்தவர் முதல் மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார், அப்புறம் வேறு ஆளை வைத்துக்கொண்டார். மருத்துவச் செலவுக்கு முதலில் நகை போனது, அது எல்லா வீட்டிலும் நடப்பது. இரண்டாவதாகப் போனது அம்மாவின் தையல் மெஷின். இந்த இடத்தைக் கவனி. வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரே பொருள் அதுதான், ஆனால் உடனே காசாகக்கூடியதும் அதுதான். அம்மாவுக்குத் தெரியாதா அதை விற்றால் என்ன ஆகும் என்று? தெரியும். ராத்திரி முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வட்டிக்கு வாங்கினோம். வட்டி கட்டுவதற்கே வாரம் போனது, அசல் அப்படியே நின்றது. அண்ணன் பத்தாவதோடு நின்று வேலைக்குப் போனான். படிப்பில் எங்கள் மூவரில் அவன்தான் கெட்டிக்காரன். அவன் சம்பளம் அந்த இரண்டு வருடம் வீட்டைக் காப்பாற்றியது, ஆனால் அவனுக்கு இன்றைக்கும் அந்தப் பத்தாம் வகுப்புக் கூலிதான். ஒரு விபத்துக்கு நாங்கள் இருபத்தைந்து வருடமாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம், அதில் பாதியை அண்ணன் ஒருவனே கட்டுகிறான்.

எங்களில் யார் உழைக்கவில்லை என்று உன் மாமா சொல்லட்டும். அப்பா அந்தக் காலோடு உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை என்ன இருக்கிறது என்று தினமும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

*

நேர்கோடு எழுதியது:

கரையோரம் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு மறுப்பு எழுதவே மனம் வரவில்லை. ஆனாலும் கேள்வி கேட்டவர் மாணவி என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பொறி, பொறி என்று மட்டும் பேசினால், உலகத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் கண்ணில் படாமல் போய்விடும். 1990ல் உலக மக்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கடும் வறுமையில் இருந்தார்கள். இன்றைக்கு அது பத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. உலக வங்கி 2025ல் தன் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 3 டாலர் என்று உயர்த்திய பிறகும் இதுதான் நிலை, எண்ணிக்கையில் ஏறக்குறைய 80 கோடிப் பேர். சீனாவில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் சுமார் 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஆளுக்கொரு பசு கொடுக்கவில்லை. 1978க்குப் பிறகு நிலத்தைப் பயிரிடும் பொறுப்பு கூட்டுப்பண்ணைகளிடமிருந்து குடும்பங்களின் கைக்கு வந்தது, தானியத்துக்கு அரசு கொடுத்த விலை கூடியது, பிறகு தொழிற்சாலைகள் கோடிக்கணக்கில் ஆட்களை உள்ளே இழுத்தன. கணக்குப்பிள்ளை சொன்ன லூயிஸ் கணக்கு நடைமுறையில் நடந்த இடம் என்றே சொல்லலாம். ஆக வறுமை போக முதல் தேவை கூலி வேலை பெருகுவது. அது இல்லாத இடத்தில் எத்தனை திட்டம் போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இன்னொன்று, நல்ல எண்ணத்தில் பிறந்த யோசனை எல்லாம் வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. நுண்கடன், அதாவது ஏழைகளுக்கு ஈடு கேட்காமல் கொடுக்கும் சின்னக் கடன், வந்தபோது வறுமையையே ஒழித்துவிடும் என்றார்கள். அதைப் பங்களாதேஷில் பரப்பிய முகம்மது யூனுஸுக்கும் அவர் தொடங்கிய கிராமீன் வங்கிக்கும் 2006ல் அமைதி நோபல் கிடைத்தது. 2015ல் நுண்கடன் பற்றி ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன, போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ. சிலருக்குத் தொழிலைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள உதவியது, ஆனால் ஆறில் எங்கேயும் சராசரிக் குடும்ப வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. யோசித்தால் காரணம் புரியும். முதல் வாரத்திலிருந்தே தவணை கட்ட வேண்டும் என்றால், பலன் தர ஒரு வருடம் ஆகும் எதிலும் அந்தப் பணத்தைப் போட முடியாது.

வறுமை மூளையையே மந்தமாக்குகிறது என்றும் அடிக்கடி சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013ல் வெளியிட்ட அறிவுத்திறன் சோதனையில், அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோது வாங்கிய மதிப்பெண்ணை விட அறுவடைக்குப் பின் வாங்கியது அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் அதே மாதிரி சோதித்து 2016ல் வெளியிட்டபோது அப்படி ஒரு வித்தியாசம் காணப்படவில்லை. எனவே கட்டுரையில் எழுதும்போது இதைக் கொஞ்சம் நிதானமாகக் கையாளவும்.

*

பழைய_பேனா எழுதியது:

நேர்கோடு சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். மொத்தம் வளர்ந்தால் மட்டும் போதாது, அது யார் கைக்கு எட்டுகிறது என்பதுதான் கேள்வி. 1943 வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் இறந்தார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் அப்போது ஒன்பது பத்து வயதுச் சிறுவர். பிற்காலத்தில் அவர் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, 1943ல் இருந்த மொத்த உணவு பஞ்சமே வராத 1941ஐ விட அதிகம் என்று கண்டார். யுத்தச் செலவில் விலை பறந்தது, கூலி அதே இடத்தில் நின்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள், மீனவர்கள், சின்னச் சின்னக் கைத்தொழில் செய்தவர்கள். உணவு இருந்தது, அதை வாங்கும் வழிதான் அவர்களுக்கு இல்லாமல் போனது. காரணம் தேடும்போது பற்றாக்குறை என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

*

தேடல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கரையோரம் அக்கா, உங்கள் அம்மா அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்னை விட்டுப் போகவில்லை. அண்ணனிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னால் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "சரி, பணத்தைக் கையில் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள், அப்புறம் வேலைக்கே போக மாட்டார்கள்." இதற்கு என்ன பதில்? அப்புறம், விளைவு பக்கம் யாரும் அதிகம் பேசவில்லையே. ஏழையாக இருப்பதால் அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் நஷ்டமா?

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

நேர்கோடு சொன்ன வேலைவாய்ப்பு விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தொழிற்சாலை வருவதற்குள் கரையோரம் வீட்டு மெஷின் போய்விடுகிறது, அண்ணன் பள்ளியை விட்டுவிடுகிறான். அந்த இடைவெளிக்குத்தான் ஒரு பிடி வேண்டும் என்கிறேன்.

குடிப்பது பற்றி: பல நாடுகளில் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த திட்டங்களைப் பற்றிய 19 ஆய்வுகளை எவன்ஸ், போபோவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை, பல இடங்களில் குறைந்திருந்தது. மெக்சிகோ 1997ல் தாய்மார்கள் கையில் பணம் கொடுக்க ஆரம்பித்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கூடினார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். கரையோரம் அண்ணன் பள்ளியை விட்டது அவனுக்குப் படிப்பில் ஆசை இல்லாததால் இல்லை, அந்த மாதச் சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருந்ததால். அந்தத் தொகையில் ஒரு பகுதியை வேறு வழியில் கொடுத்தால் பிள்ளை வகுப்பில் இருக்கும், அவ்வளவு எளிய கணக்கு இது.

ஆபத்துக்கு இன்னொரு உதாரணம், எனக்கு மிகவும் பிடித்தது. கென்யாவில் 2007ல் எம்-பெசா வந்தது, தொலைபேசியிலேயே பணம் அனுப்பும் வசதி. இது உதவித் திட்டமே இல்லை, வெறும் ஒரு சேவை. நோயோ, வேலை இழப்போ வந்தபோது, இதைப் பயன்படுத்தாத குடும்பங்களின் செலவு 7 சதவீதம் விழுந்தது, பயன்படுத்திய குடும்பங்களின் செலவு விழவே இல்லை. தூரத்தில் இருந்த சொந்தக்காரர்களும் நண்பர்களும் அன்றைக்கே ஆளுக்குக் கொஞ்சம் அனுப்ப முடிந்ததுதான் காரணம். கடைசியாகக் கைவைக்க வேண்டிய சொத்தை முதலில் விற்காமல் இருக்க அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்திருக்கிறது.

விளைவு பக்கம் கேட்டீர்கள். ஒன்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணமும் விளைவும் எங்கே ஒட்டிக்கொள்கின்றன என்பது அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமக் குழந்தைகளுக்குப் புரதச் சத்துள்ள கஞ்சி, மற்ற இரண்டில் புரதம் இல்லாத ஒரு பானம். சுமார் முப்பது வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். பிறந்தது முதல் இரண்டு வயது வரை சத்துள்ள கஞ்சி குடித்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் அதிகம். பெண்களின் கூலியில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வயதுக்குப் பிறகு குடிக்க ஆரம்பித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. இதை நான் முதலில் படித்தபோது சாப்பிடவே முடியவில்லை. பெற்றோரின் வருமானக் குறைவு என்ற விளைவு, பேசக்கூடத் தெரியாத ஒரு குழந்தையின் உடம்புக்குள் போய் அடுத்த முப்பது வருடத்துக்கான காரணமாக மாறி உட்கார்ந்துகொள்கிறது. இனி அந்தப் பிள்ளையிடம் போய் உழைத்து முன்னேறு என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

குடும்பத்துக்கு மட்டுமா நஷ்டம் என்றால், இல்லவே இல்லை. அந்த 46 சதவீதம் யாருக்கும் கிடைக்காமல் போனது. அந்த ஆட்கள் செய்திருக்கக்கூடிய வேலை, கட்டியிருக்கக்கூடிய வரி, வாங்கியிருக்கக்கூடிய பொருள், அந்தப் பொருளை விற்றிருக்கக்கூடியவரின் வியாபாரம், எல்லாம் போனது. மருத்துவச் செலவும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து கொடுத்த கணக்குப்படி 2019ல் ஏறக்குறைய 200 கோடிப் பேர் சிகிச்சைக்குக் கையிலிருந்து கொடுத்ததாலேயே பண நெருக்கடியில் சிக்கினார்கள். கரையோரம் வீட்டுக் கதை எத்தனை வீட்டில் நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

*

நேர்கோடு எழுதியது:

குவாத்தமாலா ஆய்வு எனக்குப் புதிது. மூன்று வயதுக்குள் என்ற எல்லை இருந்தால் அது பொறி என்ற வாதத்துக்கு வலு சேர்க்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வேலை பெருகுவதற்காகக் காத்திருக்கும் இருபது வருடத்தில் ஒரு தலைமுறையின் அந்த மூன்று வயது கடந்துபோய்விடும்.

*

கரையோரம் எழுதியது:

இவர்கள் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள். ஆனால் மாமாவிடம் போகும்போது ஆய்வை எடுத்து முன்னால் வைக்காதே, அவர் தன்னைக் குறை சொல்வதாக நினைத்துக்கொள்வார். அவர் பட்ட கஷ்டம் உண்மை, அதை முதலில் ஒப்புக்கொள். அப்புறம் ஒன்று மட்டும் கேள். ஆரம்பத்தில் ஏதாவது ஒரு வருடம் அவருக்கு நஷ்டம் வந்திருக்கும், இல்லையென்றால் வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள். அந்த வருடம் சாப்பாட்டுக்கு என்ன செய்தார், யார் வீட்டில் தங்கினார், யார் வட்டி கேட்காமல் பணம் கொடுத்தார் என்று கேள். அவர் பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் பேசாதே, முழுசாகச் சொல்லட்டும். எங்களுக்கு அந்த வருடம் கேட்க ஆளே இல்லை. அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அதே மாதிரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான், அவர்கள் வீட்டிலும் விற்க ஒரு மெஷின்தான் இருந்தது.